சீலிங்குக்கு மேலே கிடக்கும் கேபிளை யார் தாங்குவது?

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலுக்குச் சொந்தமான மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு, மற்ற நாட்களில் கல்யாணம், கருமாதிச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். போன வருடம் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். 16 கேமரா, வைஃபை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் ஒரு கம்பெனிக்காரர் அதற்கு மேலே கேபிள் இழுத்துக் கொடுத்தார். இப்போது சமையல்கட்டில் புது பிளக் பாயிண்ட் போட வந்த எலெக்ட்ரீஷியன் சீலிங் டைலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கேபிள் எல்லாம் டைல் மேலேயே கிடக்கிறது, சில இடத்தில் சீலிங்கைத் தாங்கும் கம்பியிலேயே கட்டியிருக்கிறது, இதைச் சரிசெய்யாமல் சி.ஓ.சி. (மின்வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) தரமாட்டேன்" என்கிறார். 300.11 என்று எண் போட்ட ஓர் அமெரிக்க விதியையும் அச்சடித்துக் கொடுத்தார். கேபிள் போட்டவரோ "இது லோ வோல்டேஜ், இதற்கு எந்தச் சட்டமும் கிடையாது" என்கிறார். யார் சொல்வது சரி? யார் செலவில் சரிசெய்வது? பழைய இன்டர்காம் வயரும் ஒரு கட்டு மேலே கிடக்கிறது, அதையும் தொடவேண்டுமா?
— மண்டபக் குழுச் செயலாளர்

பதில்:

அன்புள்ள செயலாளர் அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் குழு கூடுவதற்கு முன்னால் தெரியவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேபிள் கிடக்கும் விதத்தைப் பற்றி எலெக்ட்ரீஷியன் சொன்னது சரி. அதற்காக அவர் காட்டிய காகிதம் இந்த நாட்டுக்கு உரியது இல்லை. சி.ஓ.சி. விஷயத்தில் கேபிள் போட்டவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் "சட்டமே கிடையாது" என்று அவர் கையை விரிப்பதை ஏற்காதீர்கள். வேலையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும்.

அந்தக் காகிதத்தில் இருப்பது அமெரிக்காவின் நேஷனல் எலெக்ட்ரிகல் கோட். 1897-இல் முதன்முதலாக வந்தது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அங்கேகூட ஒரு மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது சட்டமாகிறது. தென்னாப்பிரிக்காவில் நம்மைக் கட்டுப்படுத்துவது 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2009-இல் வந்த மின் நிறுவல் ஒழுங்குவிதிகளும், அவை பின்பற்றச் சொல்லும் சான்ஸ் 10142-1 என்ற மின் வயரிங் தரமும்தான். டர்பனில் ஒரு வேலையை நிராகரிக்க 300.11 என்ற எண்ணைச் சொன்னால் போதாது.

ஆனாலும் அந்த விதியைப் படித்துப் பார்ப்பதில் லாபம் உண்டு. சீலிங்குக்கு மேலே என்னென்ன கூத்து நடக்கும் என்பதைப் பல வருடம் பார்த்துச் சலித்தவர்கள் எழுதியது அது. ஃபால்ஸ் சீலிங்கைத் தாங்குவதற்காகத் தொங்கவிட்ட கம்பியில் கேபிளையோ கான்டூயிட்டையோ (வயர் போகும் குழாய்) கட்டக்கூடாது, கேபிளுக்கென்று தனிக் கம்பி விடலாம், அந்தக் கம்பி இரண்டு முனையிலும் உறுதியாக இருக்க வேண்டும் என்கிறது. தீத்தாங்கும் வகையில் தரமிட்ட சீலிங் என்றால், கேபிளுக்காக விட்ட கம்பியை நிறத்தாலோ அடையாளச் சீட்டாலோ பிரித்துக் காட்டவேண்டும். பின்னால் வருகிற சீலிங்காரர் எது யாருடைய கம்பி என்று குழம்பக்கூடாது அல்லவா. சிறு மின்னழுத்தக் கேபிள்களுக்கான பகுதிகளில் இன்னும் சில இருக்கின்றன. கேபிள் கட்டிடத்தின் உடம்பையே பிடித்து நிற்கவேண்டும். கரண்ட் போகும் கான்டூயிட்டின் மேல் டேப் சுற்றி இதைத் தொங்கவிடக்கூடாது. டைலைத் தூக்க முடியாத அளவுக்கு மேலே வயரைக் குவிக்கவும் கூடாது. கான்டூயிட் விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. குளிர்சாதனம் மாதிரி ஒரு கருவிக்குக் கரண்ட் கொண்டுபோகிற கான்டூயிட்டில், அதே கருவியின் கன்ட்ரோல் வயரை மட்டும் கட்டிக்கொள்ளலாம்.

உங்கள் எலெக்ட்ரீஷியன் "ஒன்றரை மீட்டருக்கு ஒரு பிடி, அதுதான் கோட்" என்றும் சொல்லியிருக்கலாம், பலர் சொல்கிறார்கள். அந்த அமெரிக்க கோடில் டேட்டா கேபிளுக்கு அப்படி ஓர் இடைவெளி எண்ணே இல்லை. ஒன்றரை மீட்டர் என்பது டெலிகாம் கேபிள் போடுகிறவர்களின் தொழில் தரத்திலிருந்து வருவது. நல்ல அளவுதான், நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் அதைச் சட்டம் என்று சொல்லிப் பயமுறுத்தக்கூடாது.

சரி, இங்குள்ள சட்டத்துக்கு வருவோம். நம் 2009 விதிகளில் "மின் நிறுவல்" என்றால் எது என்று வரையறுக்கும் இடத்தில், தொலைத்தொடர்பு, தொலைக்காட்சி, வானொலிச் சுற்றுகளை வெளியே வைத்திருக்கிறார்கள். நெட்வொர்க் கேபிளும் அதில் ஓடும் கேமராவும் சி.ஓ.சி.யின் எல்லைக்குள் வருவதில்லை என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். தவிர, ஏற்கெனவே சி.ஓ.சி. உள்ள கட்டிடத்தில் புதிதாக ஏதாவது சேர்த்தால், குறைந்தது அந்தச் சேர்க்கைக்காவது சான்றிதழ் வாங்கவேண்டும் என்றுதான் விதி இருக்கிறது. ஆக, பழைய சி.ஓ.சி. உங்கள் கையில் இருந்தால், சமையல்கட்டு பிளக் பாயிண்டுக்கான சான்றிதழை கேமரா கேபிளுக்காக நிறுத்திவைக்க அவருக்கு நேரடியான காரணம் இல்லை. இங்கே கேபிள்காரர் சொன்னதை ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் "லோ வோல்டேஜ்" என்று அவர் சொல்லித் தப்பிப்பது நம் ஊரில் செல்லாது. சான்ஸ் 10142-1 கணக்கில் மாறுமின்னோட்டத்தில் (ஏசி) 1000 வோல்ட் வரைக்கும் லோ வோல்டேஜ்தான். உங்கள் சமையல்கட்டின் 230 வோல்ட்டும் அதற்குள் வரும். அவர் மனதில் இருப்பது 50 வோல்ட்டுக்குக் கீழே உள்ளது. அதிலும் எல்லாம் தப்புவதில்லை. டவுன்லைட்டுக்கு (சீலிங்கில் பதிக்கும் விளக்கு) டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 12 வோல்ட் எடுத்தால், அது மெயின் சப்ளையிலிருந்து பிறந்த கரண்ட், நிறுவலில் ஒரு பகுதி. அதனால் ஏணி போட்டு ஏறும்போது மூன்று இடத்தை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றில் ஏதாவது மாட்டினால், எலெக்ட்ரீஷியன் சான்றிதழை நிறுத்துவது முற்றிலும் நியாயம்.

ஒன்று, கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி எங்கே இருக்கிறது, அதன் பிளக் எதில் செருகியிருக்கிறது என்பது. சீலிங்குக்கு மேலே ஒரு எக்ஸ்டென்ஷன் வயரும் மல்டிபிளக்கும் படுத்திருக்கும், நான் பார்த்த மண்டபங்களில் இதுதான் அதிகம். அது 230 வோல்ட், நிலையான வயரிங் இருக்கவேண்டிய இடத்தில் தற்காலிக வயர். உடனே கழற்றவேண்டும். இரண்டு, டேட்டா கேபிளும் 230 வோல்ட் வயரும் ஒரே கான்டூயிட்டிலோ டிரங்கிங்கிலோ (மூடி போட்ட வயர்ப் பெட்டி) சேர்ந்து ஓடுகிறதா, அல்லது டவுன்லைட் டிரான்ஸ்ஃபார்மரின் மேலேயே கேபிள் கட்டு உட்கார்ந்திருக்கிறதா என்பது. டிரான்ஸ்ஃபார்மர் காற்றில் சூடாறவேண்டும், அதைப் போர்த்தினால் தீக்கு வழி. மூன்றாவது ஒலிபெருக்கி. மண்டபங்களில் பெரும்பாலும் 100 வோல்ட் லைன் முறைதான் போடுகிறார்கள். ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் அப்படி எழுதியிருந்தால், நாதஸ்வரக் கச்சேரி உச்சத்தில் போகும்போது அந்த வயரில் 100 வோல்ட் வரை ஓடும். அதைச் சின்ன வயர் என்று நினைத்து கேமரா கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். தொட்டால் அதிர்ச்சி, கூடவே கேமராப் படத்துக்கும் இரைச்சல்.

லோட்-ஷெடிங் மின்வெட்டுக்காக மண்டபத்தில் இன்வெர்ட்டரும் சோலார் பேனலும் வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனாலும் கேட்கிறேன். பேனலிலிருந்து இறங்கும் டிசி கேபிளில் பல நூறு வோல்ட் இருக்கும், வெயில் இருக்கும்வரை அதை அணைக்க முடியாது. அது தனி வழியில், தனி அடையாளத்தோடு போகவேண்டும். கேமரா கேபிளை இழுத்தவர் கையில் அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சி.ஓ.சி.க்கு வெளியே இருக்கிறது என்பதால் டைல் மேல் கிடக்கும் கேபிள் ஆபத்தில்லாதது ஆகிவிடாது. எடையைப் பாருங்கள். கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்று மீட்டருக்கு 40 முதல் 50 கிராம். 16 கேமரா, சில வைஃபை பெட்டிகள் என்று 20 கேபிளுக்கு மேல் ஒரே பக்கம் சேர்ந்தால், மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. 12 மீட்டர் ஓட்டம் என்றால் 12 கிலோ, அதுவும் டைலையும் டைல் உட்காரும் டி-பார் சட்டத்தையும் மட்டும் தாங்கக் கணக்குப் போட்ட மெல்லிய கம்பியில். நாளைக்கு யாராவது ஒரு டைலை எடுத்தால் கட்டு அந்த ஓட்டை வழியாகத் தொங்கும். கூரை ஒழுகி டைல் ஊறினால் கேபிளோடு சேர்ந்து இறங்கும், கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

தீ என்றால் இன்னும் மோசம். 2005 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் ஹாரோ கோர்ட் என்ற அடுக்குமாடியில் தீப்பிடித்தது. இரண்டு தீயணைப்பு வீரர்களும் அங்கே வசித்த ஒருவரும் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் சவுதாம்ப்டனில் ஷெர்லி டவர்ஸ் கட்டிடத்தில் மறுபடியும் இரண்டு வீரர்கள். இரண்டு இடத்திலும் சூட்டில் பிளாஸ்டிக் பிடிகள் உருகி, மேலே இருந்த கேபிள்கள் அவிழ்ந்து விழுந்து, புகை இருட்டில் தவழ்ந்து வந்தவர்களை வலை போலச் சுற்றிக்கொண்டன. ஹாரோ கோர்ட்டில் விழுந்ததில் சாதாரண ஃபயர் அலாரம் வயரும் சேர்த்தி. இதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் வயரிங் விதியில், வெளியேறும் வழிகளில் உள்ள கேபிள் தீயில் சீக்கிரமாக விழாதபடி பிடித்திருக்க வேண்டும் என்று 2015-இல் சேர்த்தார்கள். 2018-இல் வந்த பதினெட்டாம் பதிப்பு அதையே கட்டிடம் முழுவதற்கும் விரித்தது. அங்கே வோல்ட் எத்தனை என்று கேட்பதில்லை. டெலிபோன் வயரும் கழுத்தில் சுற்றும்.

இது நம் நாட்டுச் சட்டம் இல்லைதான். ஆனால் நம் தொழில் பாதுகாப்புச் சட்டம், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர் தன் ஊழியர்களை மட்டுமல்ல, அந்த இடத்துக்கு வருகிற மற்றவர்களையும் ஆபத்துக்கு உள்ளாக்காமல் நடத்தவேண்டும் என்று 8, 9 பிரிவுகளில் சொல்கிறது. சம்பளத்துக்கு ஒரு காவலாளியோ துப்புரவு அம்மாவோ இருந்தால் உங்கள் கோயிலும் வேலை கொடுப்பவர்தான். "எந்தச் சட்டமும் கிடையாது" என்றவரிடம் இதைச் சொல்லுங்கள்.

எப்படிச் சரிசெய்வது? கேபிளை டைலிலிருந்து தூக்கவேண்டும், குறைந்தது 75 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் டைலைச் சாய்த்து எடுக்க முடியும். தாங்குவது கூரையின் சொந்த உடம்பாக இருக்கவேண்டும். இரும்பு பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) என்றால் கிளாம்ப் போட்டு ஜே-ஹூக் என்ற ஜே வடிவக் கொக்கியைத் தொங்கவிடலாம், துளையே வேண்டாம். மர டிரஸ் (முக்கோணக் கூரைச் சட்டம்) என்றால் பக்கவாட்டில் ஸ்க்ரூ போதும். டிரஸின் கட்டையை வெட்டியோ, ஆணித்தகடு பதித்த மூட்டில் துளைத்தோ கேபிளுக்கு வழி செய்ய விடாதீர்கள். கேபிள் கட்டு பெரிதாக இருக்கும் இடத்தில், எல்லாக் கேபிளும் வந்து சேரும் கேபினெட்டை நோக்கி வரும் கடைசி சில மீட்டருக்கு, கம்பிவலை டிரே போடுவது மேல். ஒன்றரை மீட்டருக்கு உள்ளாக ஒரு பிடி. வெளியேறும் கதவுகளுக்கு மேலே வரும் இடங்களில் பிடி உலோகமாகவே இருக்கட்டும், நைலான் டை கேபிளை ஒழுங்காகச் சேர்த்துவைக்க மட்டும். அந்த டையையும் இறுக்கி முறுக்கக்கூடாது. கேட்-6 கேபிளின் உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிய வயர் நசுங்கினால் சிக்னல் கெடும். வெல்க்ரோ பட்டை சில ராண்ட் கூடுதல், ஆனால் அதைத்தான் நான் கேட்பேன். கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் போவதால், 20 கேபிளை உருட்டுக்கட்டை மாதிரி இறுக்கிவைத்தால் நடுவில் உள்ளது சூடாகும். டர்பன் ஜனவரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஏற்கெனவே அடுப்பு.

சுவரைத் துளைத்துப் போன இடங்களைப் பாருங்கள். சமையல்கட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருப்பது தீத்தடுப்புச் சுவர் என்றால், கேபிள் போன ஓட்டையை அதற்கான பூச்சால் அடைக்கவேண்டும். சான்ஸ் 10400-இன் தீப் பாதுகாப்புப் பகுதி எதிர்பார்ப்பது அது. சாதாரண ஸ்பாஞ்ச் நுரையை அடித்துவிட்டுப் போவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மண்டபம் பழையது, கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால், அதில் யாரும் துரப்பணம் வைக்கக்கூடாது. 2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் ஒழுங்குவிதிகள் அதற்கென்று தனி ஆள், தனி முறை வைத்திருக்கின்றன. சீலிங் போட்டபோதே மேலே தூசி விழுந்திருந்தால், டைலை ஆட்டுவதற்கு முன்பே அதை ஆராய வைப்பது நல்லது.

செலவு யாருடையது என்பதற்கு உங்கள் கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். "இன்ஸ்டலேஷன்" என்று விலை போட்டிருந்தால், கேபிளை ஒழுங்காகத் தாங்கவைப்பதும் அந்த விலைக்குள் அடக்கம் என்பதே என் கருத்து. டைல் மேல் எறிந்துவிட்டுப் போவது நிறுவல் ஆகாது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, தரக்குறைவாகச் செய்த வேலையைத் திருத்தித் தரவோ பணத்தில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பித் தரவோ கேட்க இடம் தருகிறது. ஆனால் கோயில் போன்ற அமைப்பின் சொத்து மதிப்போ வருட வரவோ 20 லட்சம் ராண்டைத் தொட்டால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. மண்டபக் கட்டிடத்தையும் கணக்கில் சேர்த்தால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கலாம், பொருளாளரிடம் கேளுங்கள். தாண்டியிருந்தால் ஒப்பந்தத்தை வைத்துத்தான் பேசவேண்டும். எப்படியிருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். டைலைத் தூக்கிய படங்களை இணைத்து, எத்தனை நாளில் சரிசெய்வார் என்று தேதி கேளுங்கள். மிச்சப் பணம் ஏதாவது பாக்கி இருந்தால் அதுவரை விடாதீர்கள். திரும்ப வேலை முடிந்ததும், டைலை மூடுவதற்கு முன்னால் குழுவில் ஒருவர் ஏறிப் பார்க்கவேண்டும். மூடிய பிறகு "எல்லாம் சரியாகச் செய்தாச்சு" என்ற வார்த்தையைத் தவிர உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எலெக்ட்ரீஷியனிடமும் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிளக் பாயிண்ட் போட வந்தவர் மேலே எட்டிப் பார்த்தாரே, அதுவே பெரிது. நான் சொன்ன மூன்று இடங்களைக் காட்டி, அவை சுத்தமாக இருந்தால் புதிய பாயிண்டுக்கான சான்றிதழைக் கொடுக்கச் சொல்லுங்கள். கேபிள் விஷயத்தைத் தனிக் கடிதமாக எழுதித் தரச் சொன்னால், கேபிள்காரரிடம் பேச உங்களுக்கு அதுவும் உதவும்.

பழைய இன்டர்காம் வயரை எடுத்துவிடுங்கள். அமெரிக்க கோடில் கைவிட்ட கேபிளை, கைக்கு எட்டுகிற அளவுக்கு, அகற்றியே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறது. காரணம் எளிது. உபயோகம் இல்லாத பிளாஸ்டிக் உறை எல்லாம் தீக்கு விறகு, புகைக்கு எண்ணெய். வெட்டுவதற்கு முன்னால் இரண்டு முனையையும் கண்டுபிடித்து, மீட்டர் வைத்து அதில் ஒன்றும் ஓடவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டில் ஃபயர் அலாரத்தின் ஜோடியோ கேட் மணியோ ஒளிந்திருப்பது உண்டு. பிறகு எப்போதாவது வேண்டும் என்று குழுவில் யாராவது சொன்னால், அந்த ஒன்றை மட்டும் ஹூக்கில் ஏற்றி, இரண்டு முனையிலும் எதற்கு என்று எழுதிச் சீட்டு கட்டிவிடுங்கள். மற்றதைப் பழைய செம்பு வாங்குகிறவரிடம் போட்டால் வெல்க்ரோ பட்டைக்கான காசு தேறும்.